தன் பெயரில் ஒரு தட்டு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒத்ததிர்வுத் தம்பம் என்றொரு கருவி உண்டு. உயரமான கண்ணாடிக் குழாய், அதில் தண்ணீர். இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்துக்கொண்டு தண்ணீர் மட்டத்தை மெல்ல மெல்ல இறக்கினால், ஓரிடத்தில் குழாய் திடீரென்று முழங்கும். அந்த நீளத்தை அளந்து ஒலியின் திசைவேகத்தைக் கணக்கிட வேண்டும். சென்ற ஆண்டு இச்சோதனையைச் செய்துகொண்டிருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "சாக்ஸபோன் பித்தளையால் ஆனது. பிறகு ஏன் அதை மரக்குழல் வாத்தியங்களோடு சேர்க்கிறார்கள்?"

வகுப்பில் விடை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

விடை எளிது. அந்த வாத்தியத்தில் ஒலி பிறப்பது பித்தளையில் அன்று. வாயில் கவ்வும் மெல்லிய நாணல் தகட்டில். ரீடு என்பார்கள். இதை எனக்குச் சொன்னது எந்தப் பாடநூலும் இல்லை. என் தந்தை சொன்னார். அவர் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்தவர். நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது கிளாரினெட்டையும் சாக்ஸபோனையும் மாற்றி மாற்றி ஊதிக் காட்டி, "கிளாரினெட்டுல கீழ் ச புடிச்சுக்கிட்டு பின்கட்டைய அமுக்குனா மேல் ப வரும். சாக்ஸ்ல அமுக்கு, மேல் சவே வரும். அதான் இதுல விரல் பழகுறது லேசு" என்றார். கிளாரினெட் நேர் உருளை, சாக்ஸபோன் கூம்பு. ஒரு முனை மூடிய உருளையில் ஒற்றைப்படைச் சுரங்கள் மட்டுமே எழும், கூம்பில் எல்லாம் எழும் என்று இப்போது நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற என் தந்தைக்கு அது விரலில் இருந்தது.

வகுப்பில் ஏன் சொல்லவில்லை? சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பேராசிரியர் கேட்பார். அப்பா வாசிப்பார் என்பேன். "எந்தச் செட்டில்?" என்பார். அங்கேதான் எனக்கு நா எழாது.

நான் பிளஸ் டூ படித்த ஆண்டில் என் தந்தையைச் செட்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம் குடி. ஒரு மாப்பிள்ளை அழைப்பில் பாட்டின் நடுவே தாளம் தப்பி, தெருவில் நின்றுவிட்டார். முன்பும் இரண்டு முறை அப்படி நடந்தது. செட்டின் சொந்தக்காரரைக் குறை கூற எனக்கு மனமில்லை. கலியாண வீட்டாருக்கு அவர் என்ன பதில் சொல்வார்? அன்று முதல் சாக்ஸபோன் பெட்டி பரணில் ஏறியது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வரும் கூலியில் வீடு ஓடியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வருகைப் பதிவேட்டில் ஏறிய முதல் பெயர் என்னுடையது. அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து அவருடையது. அதை எண்ணி அந்நாட்களில் நான் பெருமைப்பட்டதில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அன்றிரவு விடுதியில் உறக்கம் வரவில்லை. கைப்பேசியில் 'சாக்ஸபோன்' என்று தேடினேன். எதைத் திறந்தாலும் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: ஜான் கோல்ட்ரேன். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். அவருடைய புகழ்பெற்ற பெரிய தட்டுகள் பல இருக்க, நான் கேட்கத் தேர்ந்தெடுத்தது எல்லாவற்றிலும் சிறியதை. அவர் குழுத்தலைவராக நின்று பதிந்த முதல் இசைத்தட்டை. 'முதல்' என்ற சொல்லின்மேல் என் போன்றவனுக்கு ஒரு பற்று இருக்காதா? தட்டின் பெயர் 'கோல்ட்ரேன்'. வேறு அலங்காரமில்லை. அவர் பெயர்தான் தட்டின் பெயரும்.

ஜாஸ் இசை நம் நண்பர்கள் பலருக்குப் புதிதாக இருக்கலாம். நம் நாதசுரக் கச்சேரியை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டின் மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக முன்வந்து, அந்தப் பாட்டின் சுரக்கட்டுக்குள் நின்றபடி, அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். கடைசியில் மீண்டும் மெட்டுக்குத் திரும்புவார்கள். எந்தப் பாட்டு, யார் யார் வாசிப்பது, யாருக்குப் பின் யார், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் குழுத்தலைவர். தட்டின் மேல் அவர் பெயரிருக்கும். மற்றவர் பெயரெல்லாம் சிறிய எழுத்தில். நம்மூர்ப் பேண்டு செட்டில் பெரிய டிரம்மின் தோலில் பெயின்டால் எழுதியிருக்குமே ஒரு பெயர், அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார். அந்தத் தோலில் இருந்தது எப்போதும் வேறொருவர் பெயர்தான்.

கோல்ட்ரேனுக்கும் அந்த நிலை நெடுநாள் இருந்தது. 1926 செப்டம்பர் 23ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தையற்காரர், ஓய்ந்த வேளையில் வயலின் வாசிப்பவர். கோல்ட்ரேனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அந்தத் தந்தை இறந்தார். அதையொட்டிச் சில மாதங்களுக்குள் பாட்டனாரும் இறந்தார். தாய் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போய் வீட்டு வேலைகள் செய்தார். 1943இல் மகனும் பிலடெல்பியா நகருக்கு வந்து சேர்ந்தார். வாங்கிக் கொடுத்த முதல் சாக்ஸபோன் அந்தத் தாயின் உழைப்பில் வந்தது. பிறகு ஓராண்டு கடற்படை. பின் ஒருவர் குழு மாற்றி ஒருவர் குழு. டிஸ்ஸி கில்லெஸ்பி, ஜானி ஹாட்ஜஸ் ஆகிய பெரியோரின் குழுக்களில் எல்லாம் பக்கவாத்தியமாக உட்கார்ந்திருக்கிறார். 1955இல் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தபோதுதான் ஊரார் காதில் அவர் பெயர் விழுந்தது.

அதே வேளையில் அவரை ஹெராயின் என்னும் போதை பிடித்திருந்தது. மதுவும் கூட. ஹாட்ஜஸ் குழுவிலிருந்து அவரை அனுப்பியதும் அதனால்தான். மைல்ஸ் டேவிஸ் குழுவில் மேடையிலேயே தூங்கி வழிந்தார். கசங்கிய உடையோடு வந்தார். 1957 ஏப்ரலில் டேவிஸ் அவரை வெளியே அனுப்பினார். டேவிஸும் முன்னர் அதே போதையில் கிடந்து மீண்டவர். ஆகவே அவருக்குத் தெரியாமல் ஒளிக்க முடியாது.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்காலத்து இளம் சாக்ஸபோன்காரர்கள் பலர் இந்தப் போதையில் விழுந்ததற்கு ஒரு காரணம் சார்லி பார்க்கர். ஈடில்லாத கலைஞர். அவர் ஹெராயின் எடுத்தார். ஆகவே அவர் போல் வாசிக்க அதுவும் வேண்டும் போலும் என்று நம்பியவர்கள் உண்டு. பார்க்கர் 1955இல் இறந்தபோது வயது முப்பத்து நான்கு. எங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. "ரெண்டு ரவுண்டு உள்ள போனாத்தான் உங்கப்பன் ஊதுறதுல சத்து வரும்" என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சொன்னவர்கள் யாரும் இரவில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை.

கோல்ட்ரேன் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். அங்கே 1952இல் அவர் வாங்கிய வீடு இருந்தது; தாய் இருந்தார்; மனைவி நைமா இருந்தார். ஓர் அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். உணவில்லை, தண்ணீர் மட்டும். மருந்து, மருத்துவமனை எதுவுமின்றிப் போதையை அடியோடு நிறுத்தினார். அந்நாட்களில் உடல் படும் பாட்டை விவரிக்க எனக்குத் தகுதியில்லை. கதவுக்கு வெளியே அந்த இரண்டு பெண்கள் காத்திருந்திருப்பார்களே, அவர்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் வேலை போயிற்று. 1957 மே 31, வெள்ளிக்கிழமை, தன் பெயரில் முதல் தட்டைப் பதிய அவர் போய் நின்றார். இடையில் இருந்தது ஒன்றிரண்டு மாதம். வயது முப்பது.

ஒலிப்பதிவு நடந்த இடம் நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் ஒரு வீட்டு முன்கூடம்! ரூடி வான் கெல்டர் என்பவர் பகலில் கண்களைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். மற்ற நேரத்தில் தம் பெற்றோரின் வீட்டு முன்கூடத்தில் ஒலிவாங்கிகளை நிறுத்தி இசைத்தட்டுகள் பதிந்தார். மைல்ஸ் டேவிஸ், தெலோனியஸ் மங்க் போன்ற பேரறிஞர்களின் தட்டுகளும் அந்தக் கூடத்தில் பிறந்தவையே. பெரிய ஆய்வுக்கூடங்கள் இல்லையே என்று நாம் குறைப்படும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டுக் கூடம் நினைவுக்கு வருகிறது. தட்டை வெளியிட்டது பிரெஸ்டீஜ் கம்பெனி. ஒத்திகைக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. வந்து, வாசித்து, அன்றைக்கே முடித்துவிட வேண்டும். ஆறு பாட்டும் ஒரே நாளில் பதிந்தவை. ஏழாவதாக ஒன்றும் அன்று வாசித்தார்கள். அது பின்னர் வேறொரு தட்டில் வந்தது.

முதன்முதலாகத் தலைவராகும் ஒருவர் யாரை அழைத்துச் செல்வார்? பெயர் பெற்றவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் தட்டு விற்கும். கோல்ட்ரேன் அப்படியும் சிலரை வைத்துக்கொண்டார். பியானோவில் ரெட் கார்லண்டும் மால் வால்ட்ரனும் பாட்டுகளைப் பகிர்ந்துகொண்டார்கள். பெரிய கம்பி வாத்தியமான பேஸில் பால் சேம்பர்ஸ். பாரிட்டோன் சாக்ஸபோனில் சாகிப் ஷிகாப். ஆனால் டிரம்பெட்டுக்கு அவர் அழைத்தது ஜானி ஸ்ப்ளான் என்ற பிலடெல்பியாக்காரரை. வெளியுலகம் அதிகம் அறியாத பெயர். டிரம்ஸுக்கு ஆல்பர்ட் ஹீத். அவரும் பிலடெல்பியாப் பிள்ளை. அதுவரை எந்தத் தட்டிலும் வாசிக்காதவர். 1935 மே 31இல் பிறந்தவர் அவர். கணக்குப் பார்த்தேன்: பதிவு நடந்த அன்று அவருக்கு இருபத்திரண்டாவது பிறந்தநாள்! என்னைவிட இரண்டே வயது மூத்தவர். தம் முதல் தட்டில் இன்னொருவனுக்கும் அது முதல் தட்டாக இருக்கட்டும் என்று இடம் கொடுத்தாரே, அதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீரவில்லை.

தட்டின் முதல் பாட்டும் அவர் இயற்றியதில்லை. 'பகாய்' என்பது அதன் பெயர். அரபு மொழியில் அழுகை என்று பொருள்படும் சொல். இயற்றியவர் பிலடெல்பியா நண்பர் கால் மாஸி. 1955இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர் கடத்திச் சென்று கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களை, வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுதலை செய்தது. அந்தச் சிறுவனை நினைத்து எழுந்த பாட்டு இது. சொற்கள் கிடையாது. தாழ்ந்த குரலில் வாத்தியங்கள் இருட்டில் நடப்பதுபோல் தொடங்குகின்றன. பிறகு கோல்ட்ரேன் புறப்படுகிறார். எனக்கு அதில் ஒப்பாரி கேட்டது என்று சொன்னால் இசை தெரிந்தவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் இழவு வீட்டிலிருந்து சுடுகாடு வரை என் தந்தை வாசித்துக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வாத்தியம் அழுவது எனக்குப் புதிதில்லை.

இரண்டாவது, மென்மையான காதற்பாட்டு. பலர் பாடியும் வாசித்தும் பழகிய பழைய மெட்டு. இதில் மற்ற ஊதுவாத்தியங்களை நிறுத்திவிட்டு, பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறார். விரைந்து வாசிக்கும் திறமை அவருக்கு எவ்வளவு உண்டென்று உலகம் அறியும். இங்கே அதைக் காட்டவேயில்லை. ஒவ்வொரு சுரத்தையும் முழு மூச்சில் பிடித்து, அதன் முனை சாயாமல் வைக்கிறார். போதையில் தள்ளாடியவர் என்று சில வாரங்களுக்கு முன் வெளியே அனுப்பப்பட்ட மனிதரின் மூச்சா இது? நான் திரும்பத் திரும்பக் கேட்டது இந்தப் பாட்டைத்தான். வேகத்தில் தப்பு மறையும். மெதுவாக வாசித்தால் மறைக்க இடமில்லை. அந்த இடத்தில் அவர் துணிந்து நின்றார் என்பது என் துணிபு.

மற்றவற்றைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. அவரே இயற்றியவை இரண்டு. ஒன்றின் பெயர் 'நேர்த்தெரு' என்று பொருள்படும். இன்னொன்று 'நாட்பட்ட ப்ளூஸ்'. தீராத நோயைச் சொல்லும் சொல்லால் ஒரு பாட்டுக்கும், கோணலில்லாத பாதையைச் சொல்லும் சொல்லால் இன்னொரு பாட்டுக்கும் அவர் பெயர் வைத்ததை அந்த ஆண்டோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. தட்டில் குறையே இல்லையா? உண்டு. சில இடங்களில் குழு இன்னும் ஒன்றோடொன்று பழகாதது தெரிகிறது. ஒத்திகையில்லாத வாசிப்பு அல்லவா? அதே ஆண்டு செப்டம்பரில், ஒத்திகைக்கும் பணம் கொடுக்கும் புளூ நோட் கம்பெனிக்காக அவர் பதிந்த 'புளூ டிரெய்ன்' தட்டைக் கேட்டால் வேறுபாடு நன்றாகப் புலப்படும். இருந்தும் என் ஓட்டு முதல் தட்டுக்கே.

பிறகு நடந்தவற்றை உலகம் அறியும். 1957 கோடை முதல் தெலோனியஸ் மங்குடன் நியூயார்க்கில் வாசித்துப் புது வழிகள் கற்றார். மைல்ஸ் டேவிஸே மீண்டும் அவரை அழைத்துக்கொண்டார். 1964 டிசம்பரில், அதே ரூடி வான் கெல்டரிடம், 'எ லவ் சுப்ரீம்' என்ற தட்டைப் பதிந்தார். அதன் உறையில் 1957ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, இறையருளால் அன்று தமக்கு ஒரு விழிப்பு உண்டாயிற்று என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். நம் நாட்டு இசைமேல் அவருக்குப் பேரார்வம். சிதார் மேதை ரவிசங்கரைச் சந்தித்து இசைபற்றிக் கேட்டறிந்தார். 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். 1967 ஜூலை 17இல் கல்லீரல் புற்றுநோயால் இறந்தபோது கோல்ட்ரேனுக்கு வயது நாற்பது. மகனுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. அந்த ரவி கோல்ட்ரேனும் சாக்ஸபோன் கலைஞரானார். 1998இல் தம் பெயரில் முதல் தட்டை வெளியிட்டார். தந்தையை அவர் தட்டுகளில் கேட்டுத்தான் அறிந்திருப்பார் என்று எண்ணினேன். என் தந்தையோ எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். நான் அவரோடு பேசியே பல மாதங்கள் ஆகியிருந்தன.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். மாட்டுப் பொங்கலன்று மாலை அப்பா தெளிவாக இருந்தார். கைப்பேசியை எடுத்து அந்த இரண்டாவது பாட்டைப் போட்டேன். ஒலி போதவில்லை. உள்ளேயிருந்து எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்து அதற்குள் கைப்பேசியை வைத்தேன். ஆய்வுக்கூடத்தில் படித்தது பயன்பட்டது.

கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார். "கொரலு தடிமனா இருக்கு. டெனாரு. என்னுது ஆல்டோ" என்றார். பிறகு, "இவன் எங்க மூச்சு எடுக்கிறான்னே தெரியலையே" என்றார். பாட்டு முடிந்ததும், "யாரு செட்டு?" என்று கேட்டார்.

"அவரு செட்டேதாம்ப்பா. அவரு பேருல வந்த மொதத் தட்டு."

"அதுக்கு முந்தி?"

"வேற ஒருத்தரு செட்டுல இருந்தாரு. நிறுத்திட்டாங்க."

"எதுக்கு?"

சொன்னேன். மறைக்கவும் இல்லை; குத்திச் சொல்லவும் இல்லை. பிலடெல்பியா வீட்டையும் அடைத்த கதவையும் மட்டும் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பாத்திரச் சத்தம் நின்றதில் தெரிந்தது.

"அப்ப அவனுக்கு என்ன வயசு?"

"முப்பது."

"எனக்கு நாப்பத்தாறு" என்றார். அதோடு எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிரவு குடித்துவிட்டுத்தான் வந்தார். அந்தத் தட்டைக் கேட்டதும் என் தந்தை குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுத முடியாது.

விடுமுறை முடிந்து நான் கிளம்பும் நாள் காலை, பரணிலிருந்து பெட்டி இறங்கியிருந்தது. திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, வாத்தியத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி வைத்திருந்தார். துளைகளை மூடும் தோல் பேடுகளில் நான்கைந்தைப் பூச்சி அரித்திருந்தது. பித்தளை கறுத்துக் கிடந்தது. டப்பாவில் இருந்த மூன்று ரீடுகளும் நுனி பிளந்து போயிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாக்கில் வைத்து நனைத்தார். பிறகு முற்றத்தில் எறிந்தார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

"தம்பி, காலேஜ் இருக்கிற ஊர்ல மியூசிக் கடை இருக்கா?"

"இருக்குப்பா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல."

"வரும்போது ஒரு ரீடு வாங்கிட்டு வா. ரெண்டரை நம்பரு. ஆல்டோவுக்குன்னு சொல்லி, கையில வாங்கிப் பாத்து வாங்கு. டெனாரு ரீடைக் குடுத்துருவான்."